மடைக்கு ஓட்டு உண்டு, மருந்துக்கு இல்லையா?
ஆஸ்பத்திரிக் கமிட்டியில் விவசாயிக்கு ஒரு நாற்காலி!

  

பேச்சிப்பாறைத் தண்ணீருக்கு, நெல் விலைக்கு, கூட்டுறவுக் கடனுக்கு என்று நம்ம சங்கம் எத்தனையோ நோட்டீஸ் போட்டிருக்கிறது. இந்த நோட்டீஸ் ஆஸ்பத்திரிக்காக. "சங்கத்துக்கு ஆஸ்பத்திரியில என்ன வேலை அண்ணாச்சி? தண்ணி காரியத்தப் பாக்கப்பிடாதா?" என்று நம்ம ஆட்களே கேட்டார்கள். கேட்டவர்களுக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். வரப்பில் உட்கார்ந்து படியுங்கள், படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

கும்பப்பூ அறுப்பு நேரம். சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். கதிர்க்கட்டைத் தூக்கக் குனிந்த ஒரு அம்மாவைப் பாம்பு கடித்துவிட்டது. எங்கள் பத்தில் முப்பது வருஷமாக வேலை செய்கிறவர். என்ன பாம்பு என்று யாரும் பார்க்கவில்லை, பார்க்க நேரமும் இல்லை. ஆட்டோவில் ஏற்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனோம். டாக்டர் போய்விட்டார். நர்ஸ் ஒரே ஆள், உள்ளே ஒரு பிள்ளைத்தாச்சிக்கு வலி எடுத்துக் கிடக்கிறது. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன், அங்கேயும் இங்கேயும் ஓடியது அது ஒன்றுதான். விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று கேட்டோம். இருந்தது. 2 குப்பி! விஷம் ஏறியவருக்கு வைத்தியம் தொடங்கவே 8 முதல் 10 குப்பி வேண்டும். மறுபடியும் வண்டி பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது இரவு எட்டு மணி. உயிர் பிழைத்தது. ஒரு கால்விரல் போயிற்று. அந்த வருஷம் அதற்குப் பிறகு அந்த அம்மா வயலில் இறங்கவில்லை. கூலி போன கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் கழித்து நான் போய்க் கேட்டேன், ஏன் 2 குப்பி? "மேலே எழுதியிருக்கு சார். கமிட்டியில வச்சுச் சொன்னாத்தான் கொஞ்சம் அசைவாங்க" என்றார்கள். எந்தக் கமிட்டி? நோயாளர் நலச் சங்கம். அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இருபத்தைந்து வருஷமாகச் சங்க வேலை பார்க்கிறவனுக்கு! வெட்கமாகத்தான் இருந்தது. சுவரில் பெயின்ட் உதிர்ந்த ஒரு போர்டில் உறுப்பினர் பெயர் இருந்தது. அதிகாரிகள், ஒரு ஒப்பந்தக்காரர், ஒரு கடை முதலாளி, ஓய்வு பெற்றவர்கள். வயலில் கால் வைக்கிற ஆள் ஒருத்தர் கிடையாது. அதில் ஒருத்தர் காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. செத்தவருக்கு அங்கே நாற்காலி உண்டு, பாம்பு கடித்தவருக்குக் கிடையாது.

இந்தக் கமிட்டி எங்கிருந்து வந்தது என்று விசாரித்தேன். வேடிக்கையான கதை. 1994-ல் குஜராத்தில் சூரத் நகரத்தில் பிளேக் என்று ஊரே பதறியது ஞாபகம் இருக்கும். அப்போது மத்தியப் பிரதேசத்தில் இந்தூர் மகாராஜா யஷ்வந்த்ராவ் மருத்துவமனையில் எலி பெருத்துக் கிடந்தது. நோயாளிகளை வெளியே மாற்றி, கட்டிடத்தைக் காலி செய்து, எலியை ஒழித்து, ஆஸ்பத்திரியைச் சுத்தப்படுத்தினார்கள். ஊர்க்காரர்களும் கூடி நின்று செய்த வேலை அது. இனியும் இப்படி நாறாமல் பார்த்துக்கொள்ள ஒரு சங்கம் வேண்டும் என்று அமைத்ததுதான் 'ரோகி கல்யாண் சமிதி'. 2005 ஏப்ரல் 12-ல் மத்திய அரசு தேசிய ஊரக நலவாழ்வு இயக்கத்தைத் தொடங்கியபோது இதை நாடு முழுக்கக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் அதன் பெயர்தான் நோயாளர் நலச் சங்கம். எலியை விரட்டப் பிறந்த கமிட்டி. நம்ம ஊரில் கமிட்டிக்குள்ளேயே எலி ஓடுகிறது.

பணம் எவ்வளவு என்று கேட்பீர்கள். திட்டம் வந்தபோது வகுத்த கணக்குப்படி ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருஷத்துக்குத் தன்விருப்ப நிதி 25 ஆயிரம், பராமரிப்புக்கு 50 ஆயிரம், நோயாளர் நலச் சங்கத்துக்கு 1 லட்சம். ஆக 1 லட்சத்து 75 ஆயிரம். துணை சுகாதார நிலையத்துக்கும் தனியாக உண்டு. கிராம அளவில் கிராம சுகாதாரக் குழுவுக்கு வருஷம் 10 ஆயிரம். கோடி கணக்கில் புரளுகிற பணம் இல்லை. ஆனால் 10 ஆயிரத்தில் ஒரு ஊரின் கிணறுகளுக்கு வருஷம் முழுக்கக் குளோரின் போடலாம். மீதத்தில் அடைத்துக் கிடக்கும் ஓடையையும் தோண்டலாம். எங்கே செலவாச்சு என்று நம்ம ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம்.

பணத்தைவிடப் பெரிய காரியம் வேறே. எந்த மருந்து குறைவு, எந்த நேரம் டாக்டர் இருப்பார், எந்தக் கட்டில் உடைந்தது, எந்த ஊரில் என்ன காய்ச்சல் என்று கேள்வி கேட்டு மினிட்ஸில் ஏற்றுகிற இடம் அந்த மேசைதான். மருந்து வாங்கி அனுப்புவது மருத்துவ சேவைக் கழகம். கமிட்டி மருந்துக்கடை வைக்க முடியாது. ஆனால் 'விஷமுறிவு மருந்து 2 குப்பிதான் இருக்கிறது' என்று மினிட்ஸில் ஏறி, கீழே கையெழுத்தும் விழுந்துவிட்டால், பிறகு மேலே இருக்கிறவர்கள் எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. கேட்க ஆள் இல்லாத இடத்தில் மினிட்ஸ் எழுதுவது சுலபம். 'அனைத்தும் திருப்திகரம்.'

சரி, விவசாயிக்குத் தனியாக ஏன் ஒரு இடம்? ஆஸ்பத்திரி எல்லாருக்கும் பொதுதானே என்பார்கள். பொதுதான். நோய் பொது இல்லையே! வங்கியில் வேலை பார்க்கிறவருக்கு எலிக்காய்ச்சல் வருவது அபூர்வம். நமக்கு அது தொழிலோடு வருகிறது. எலி மூத்திரம் கலந்த சேற்றில் காலில் வெட்டுக்காயத்தோடு நிற்கிறோம், அதன் வழியாகக் கிருமி ஏறுகிறது. நாகர்கோவிலின் சாக்கடை பழையாற்றில் கலக்கிறது. அந்தத் தண்ணீர்தான் கீழே உள்ள வயல்களுக்கு. நானே ஒரு கன்னிப்பூ நடவுக்குப் பிறகு அப்படிக் காய்ச்சலில் விழுந்தேன். சாதாரணக் காய்ச்சல் என்று நான்கு நாள் மாத்திரை விழுங்கினேன். கண்ணு மஞ்சளாகி, மூத்திரம் குறைந்த பிறகுதான் ரத்தப் பரிசோதனை. "நீங்க வயல்ல இறங்குற ஆளா?" என்று முதல் நாள் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அந்தக் கேள்வியைச் சீட்டில் அச்சடித்து வையுங்கள் என்று சொல்ல அந்த மேசையில் ஒரு விவசாயி வேண்டும். பக்கத்துக் கேரளத்தில் மழைக்காலத்தில் சேற்றில் வேலை செய்பவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரையை முன்கூட்டியே கொடுக்கிறார்கள். இங்கே அதைக் கேட்கக்கூட ஆள் இல்லை.

பாம்புக்கடியையும் பாருங்கள். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியில் செத்திருக்கிறார்கள் என்று 2020-ல் வந்த ஆய்வு சொல்கிறது. வருஷத்துக்குச் சராசரி 58 ஆயிரம். பெரும்பாலும் கிராமத்துக்காரர்கள். யுத்தத்தில் இத்தனை பேர் செத்தால் தலைப்புச் செய்தி. இத்தனைக்கும் மருந்து நம்ம நாட்டிலேயே இருக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் அந்த ஒரே மருந்து வேலை செய்யும். அதற்கு விஷம் எடுத்துக் கொடுப்பவர்கள் சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவு சங்கத்துத் தொழிலாளர்கள். ஏழைகள் பாம்பு பிடித்து விஷம் எடுத்துக் கொடுத்து, அதில் தயாராகும் மருந்து ஏழைக்குக் கிடைக்காமல் போனால் யார் குற்றம்? 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக ஆக்கியது. 1939-ம் வருஷத்துப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் போட்ட உத்தரவு. நல்ல உத்தரவு, வரவேற்கிறோம். ஒவ்வொரு கடியும் கணக்கில் ஏற வேண்டும். நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஏறுகிறதா என்று பார்க்கப் போவது யார்?

(இடையில் ஒன்று. பாம்பு கடித்தால் கயிறு போட்டு இறுக்காதீர்கள், கத்தியால் கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். கை கால் அசையாமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். மந்திரிக்கப் போகும் நேரத்தில் பெரியாஸ்பத்திரிக்கே போய்ச் சேர்ந்துவிடலாம்.)

பூச்சிமருந்து காரியத்துக்கு வருகிறேன். தெளித்துவிட்டு வந்து தலை சுற்றி, வாயில் எச்சில் ஒழுகி, கண் மங்கிப் படுத்தவர்கள் நம்ம ஒவ்வொரு ஊரிலும் உண்டு. 'வெயில் தாக்கம்' என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். எந்த மருந்து, எத்தனை பேர், எந்த ஊர் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. எழுதி வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைக் காசர்கோட்டில் பார்த்தோம். முந்திரித் தோட்டத்தில் 1970-களிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். பிள்ளைகள் ஊனமாகப் பிறந்ததைக் கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை. லீலாகுமாரி அம்மா என்ற வேளாண்மைத் துறை ஊழியர் 1998-ல் கோர்ட்டுக்குப் போனார். சுப்ரீம் கோர்ட் தடை வந்தது 2011-ல். ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் முதல் வருஷமே ஒழுங்காகக் கணக்கு ஏறியிருந்தால் இத்தனை வருஷம் ஆகியிருக்குமா?

இப்போது தலைப்புக்கு வருவோம். 2000-ல் பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிக்கத் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. பாசன சங்கத் தலைவரை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம் என்று ஆயிற்று. அந்தச் சட்டத்தில் ஓட்டை பல உண்டு, அது வேறு கதை. ஆனால் மடை திறக்கவில்லை என்றால் சட்டையைப் பிடித்துக் கேட்க ஒரு ஆள் இருக்கிறார். மாதாமாதம் கலெக்டர் முன்னிலையில் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் இருக்கிறது. மருந்துக்கு மட்டும் ஓட்டும் கிடையாது, கூட்டமும் கிடையாது.

"உள்ளாட்சிப் பிரதிநிதி இருக்காரே, அவரு பேசுவாரு" என்று ஒரு வாதம். இருந்தால் பேசட்டும். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது, அடுத்த தேர்தல் 2019 டிசம்பரில். மூன்று வருஷம் தனி அதிகாரி. அப்படித் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் 2025 ஜனவரி 5-ல் காலம் முடிந்து மறுபடியும் தனி அதிகாரி வந்தார். கிராம சுகாதாரக் குழுவுக்குப் பஞ்சாயத்துத் தலைவரே தலைவர் என்று வைத்துவிட்டு, தலைவரே இல்லாமல் வருஷக்கணக்கில் விட்டால் அந்தக் குழுவை யார் கூட்டுவது? நம்ம மாவட்டத்தில் பேரூராட்சிகள் வேறே ஏராளம். பூதப்பாண்டி, அழகியபாண்டிபுரம், தாழக்குடி என்று நெல் விளைகிற ஊர்கள் பேரூராட்சியாக இருக்கின்றன. அங்கே கிராம சபையும் கிடையாது. பாதி நாஞ்சில் நாட்டுக்கு வாய் திறக்க இடமே இல்லை.

களியக்காவிளை தாண்டிப் பாருங்கள். 1956 நவம்பர் 1-க்கு முன்னால் அவர்களும் நாமும் ஒரே திருவிதாங்கூர். அங்கே 1996-ல் மக்கள் திட்ட இயக்கம் வந்தபோது ஆரம்ப சுகாதார நிலையத்தைக் கிராமப் பஞ்சாயத்தின் கையில் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி நிர்வாகக் குழுவுக்குப் பஞ்சாயத்துத் தலைவர்தான் தலைவர். பிரேசில் நாட்டில் 1990-ல் ஒரு சட்டம். ஒவ்வொரு ஊர் சுகாதாரக் கவுன்சிலிலும் பாதி நாற்காலி வைத்தியம் பார்த்துக்கொள்ளும் மக்களுக்கு, அதாவது தொழிற்சங்கங்களுக்கும் ஊர் அமைப்புகளுக்கும். நாம் பாதி கேட்கவில்லை. ஒன்று கேட்கிறோம்.

நம்ம பக்கத்துக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன், மறைத்தால் நோட்டீஸ் பொய்யாகிவிடும். 2007 வாக்கில் மக்களே சுகாதார சேவையைக் கண்காணிக்கும் திட்டம் ஒன்று ஒன்பது மாநிலங்களில் சோதனையாக வந்தது. தமிழ்நாட்டில் எடுத்த ஐந்து மாவட்டங்களில் கன்னியாகுமரியும் ஒன்று. ஊர்க்குழு உட்கார்ந்து, நர்ஸ் வருகிறாரா, மருந்து இருக்கிறதா, காசு கேட்கிறார்களா என்று விசாரித்து, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மார்க் போடும் அட்டை. படிக்காதவர்களுக்கும் புரிகிற ஏற்பாடு. எங்கள் ஊரில் அந்தக் கூட்டத்துக்குச் சங்கத்திலிருந்து ஒருத்தரும் போகவில்லை. எனக்கும் அழைப்பு வந்தது. அன்றைக்கு உர மூட்டை வாங்கப் போய்விட்டேன். சுயஉதவிக் குழுப் பெண்கள் போனார்கள், தைரியமாகச் சிவப்பு போட்டார்கள். நாம் பின்னால் நின்றிருந்தால் அது அணைந்திருக்காது. திட்டம் போயிற்று, அட்டையும் போயிற்று. அந்த நாற்காலியை நம்மிடமிருந்து யாரும் பிடுங்கவில்லை, நாம் உட்காரவே போகவில்லை.

"கமிட்டின்னா டீ, வடை, கையெழுத்து. நம்ம ஆளு போனாலும் வடை தின்னுட்டு வருவான்" என்று திட்டுவிளைக் கூட்டத்தில் ஒரு பாட்டா சொன்னார். கூட்டமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை, அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் சங்கம் ஆளை அனுப்பும்போதே நிபந்தனை போடுகிறது. கூட்டம் முடிந்து ஏழு நாளுக்குள் நடந்ததைச் சங்கத்தில் வந்து சொல்ல வேண்டும். வரவு செலவை ஆஸ்பத்திரி வாசலில் எழுதிப் போடும்வரை எந்தக் கணக்கிலும் கையெழுத்துப் போடக் கூடாது. ஒப்பந்த வேலை எதையும் சொந்தக்காரருக்கு வாங்கிக் கொடுக்கக் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் பொதுக்குழு கூடித் திருப்பி அழைக்கும். எழுதி வாங்கித்தான் அனுப்புவோம்.

யாரை அனுப்புவது? என் பெயரைச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். எனக்கு ஒரு ஏக்கர் சொச்சம் நிலம் இருக்கிறது, காய்ச்சல் வந்தால் கடன் வாங்கியாவது தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிறவன். அரசாஸ்பத்திரியைத் தவிர வேறு போக்கிடம் இல்லாதவர் போக வேண்டும். நடவுக்குப் போகும் பெண்களில் ஒருத்தர் போக வேண்டும். "அவ படிக்கலியே, அதிகாரிக்கு முன்னால என்னத்தப் பேசுவா?" என்று நம்ம நிர்வாகக் குழுவிலேயே ஒருத்தர் கேட்டார். 2 குப்பிக்கும் 10 குப்பிக்கும் வித்தியாசம் அந்த அம்மாவுக்குத் தெரியும். கால்விரலைக் கொடுத்துத் தெரிந்துகொண்டது. பெயரை மகளிர் பிரிவே கூடி முடிவு செய்யட்டும், நாங்கள் தலையிட மாட்டோம்.

டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் ஒரு வார்த்தை. இது உங்களுக்கு எதிரான போராட்டம் இல்லை. ஒற்றை நர்ஸை இரவு முழுக்க விட்டுவிட்டுப் போகும் ஏற்பாட்டுக்கு எதிரானது. காலிப்பணியிடத்தை நிரப்பு என்று நீங்கள் கேட்டால் மெமோ வரும். நாங்கள் கேட்டால் வராது. எங்களைக் கேட்க விடுங்கள்.

நாம் கேட்பது இவ்வளவுதான். நாஞ்சில் நாட்டில் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் நோயாளர் நலச் சங்கத்திலும் விவசாயிகள், விவசாயத் தொழிலாளர்கள் சார்பில் ஒரு இடம், அது பெண்ணுக்கு. விஷமுறிவு மருந்தின் இருப்பைத் தினமும் வாசல் பலகையில் எழுத வேண்டும், 10 குப்பிக்குக் கீழே போகக் கூடாது. அறுப்பு, நடவு மாதங்களில் இரவு ஒன்பது மணி வரை டாக்டர் இருக்க வேண்டும். பாம்புக்கடி, எலிக்காய்ச்சல், பூச்சிமருந்து பாதிப்பு மூன்றுக்கும் ஊர்வாரியாகப் பதிவேடு வேண்டும்.

இதற்கு இப்போதே செய்ய வேண்டியது. பஞ்சாயத்து ஊர்க்காரர்கள் அடுத்த கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 எது முதலில் வருகிறதோ அதில். தீர்மானப் புத்தகத்தில் எழுதியதை வாசித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள், வெற்றுத்தாளில் போடாதீர்கள். பேரூராட்சி ஊர்க்காரர்கள் செயல் அலுவலரிடம் மனுவாகக் கொடுத்து, பெற்றதற்கு ரசீது வாங்குங்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் கமிட்டி உறுப்பினர் பெயர், கடைசி மூன்று வருஷ வரவு செலவு, கூட்டக் குறிப்பு மூன்றையும் 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய்க்குக் கோர்ட் பீஸ் ஸ்டாம்பு ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்குச் சங்க அலுவலகத்தில் எழுதிக் கொடுப்போம், காசு வேண்டாம்.

அடுத்த மாதக் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு எல்லாருமாகப் போகிறோம். காலை எட்டரைக்கு வடசேரி பஸ் நிலையத்தில் கூடுவோம். ஆண்கள் வந்தால் போதாது, வீட்டுப் பெண்களைக் கூட்டி வாருங்கள். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது பாம்பு கடித்து, காய்ச்சல் கண்டு, மருந்து தெளித்து ஆஸ்பத்திரிக்குப் போன சீட்டு பழைய பெட்டியில் கிடந்தால் எடுத்து வாருங்கள், கிழிந்திருந்தாலும் சரி. அவ்வளவையும் ஒரே மாலையாகக் கோர்த்துக் கலெக்டர் மேசையில் வைக்கப் போகிறோம். தண்ணீர் பாட்டிலும் மதியச் சோறும் கையில் இருக்கட்டும். திரும்ப நேரமாகும்.

இப்படிக்கு,
செயலாளர்